ஒன்று பலவாகும் கணக்கு



ஜெனீவாவின் எல்.எச்.சி. பற்றிச் செய்தி வந்தால், "அதெல்லாம் வெளிநாட்டு விஷயம் சார்" என்பார்கள். அங்கே கேட்கப்படும் ஒரு கேள்வியை நம்மவர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள்.

விண்ணிலிருந்து வரும் ஓர் எலக்ட்ரான் காற்றில் ஒளித்துகளை உமிழும். அந்த ஒளித்துகள் எலக்ட்ரான், பாசிட்ரான் என இரண்டாகும். இப்படியே பெருகி மழையாகப் பொழியும். இதை 1937இல் ஹோமி பாபாவும் ஹைட்லரும் விளக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு விதம். எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்று எப்படிக் கணக்கிடுவது? பாபாவிடம் ஆராய்ச்சி தொடங்கிய சென்னைக்காரர் அல்லாடி ராமகிருஷ்ணன், 1950இல் 'பிராடக்ட் டென்சிட்டி' என்ற நிகழ்தகவு முறையை வெளியிட்டார். ஓர் ஆற்றலில் ஒரு துகளும் வேறோர் ஆற்றலில் இன்னொன்றும் சேர்ந்து காணப்படும் வாய்ப்பை அது கணக்கிடும். 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே.

குவார்க்கும் இப்படித்தான். அது தனியாக அகப்படாது. பிரிந்து பிரிந்து, ஒரே திசையில் பாயும் துகள் கற்றையாகவே தெரியும். அதற்கு ஜெட் என்று பெயர். 1975இல் ஸ்டான்ஃபோர்டில் அதன் முதல் சான்று கிடைத்தது. 1979இல் ஹாம்பர்க்கில் மூன்று ஜெட்கள் தெரிந்தன. மூன்றாவது, குளுவானுடையது.

எல்.எச்.சி.யில் புதுச் சிக்கல். அதிவேக ஹிக்ஸ் துகள் சிதைந்தால் அதன் இரண்டு குவார்க்குகளும் ஒரே ஜெட்டுக்குள் அடங்கிவிடும். சாதாரண ஜெட்டிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது? 2008இல் பட்டர்வொர்த், சலாம் உள்ளிட்ட நால்வர் வழி சொன்னார்கள்: ஜெட்டின் உள்ளே பின்னோக்கிப் போய், கிளைகள் எங்கே பிரிந்தன என்று பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிது. காவிரியிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் சிறு பங்கோடு பிரிகிறது. முக்கொம்பில் ஆறே காவிரி, கொள்ளிடம் என இரண்டாகிறது. சாதாரண ஜெட்டில் பெரும்பாலும் வாய்க்கால் பிரிவுதான். ஹிக்ஸில் பெரும்பாலும் முக்கொம்புப் பிரிவு. பிரிவைப் பார்த்தே தாய்த்துகளை ஊகிக்கலாம். ஒரு ஜெட்டை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் பார்த்து வாய்ப்பைத்தான் கணக்கிட வேண்டும்.

இன்று அங்கே சி.எம்.எஸ். ஆய்வுக் குழுவில் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளும் போகலாம். ஒன்றே ஒன்று: பிளஸ் டூவில் நிகழ்தகவை 'சாய்ஸில்' விட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாபா காலத்து மழைக்கும் இன்றைய ஜெட்டுக்கும் அதுதான் சாவி.