கடலுக்கடியில் ஒரு சலூன்

மீனுங்களுக்கும் சலூன் உண்டு. பவளப்பாறைகளில் சில இடங்களில் பெரிய மீன்கள் வந்து, வாயைப் பொளந்துகிட்டு அசையாம நிற்கும். விரல் நீள மீனோ, கண்ணாடி மாதிரி ஒரு இறாலோ அந்த வாய்க்குள்ளேயே புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னுட்டு வெளியே வரும். வாடிக்கையாளர் பெரும்பாலும் அதை முழுங்குறதில்லை!

வலை போட்டா ரெண்டும் சேர்ந்தே மாட்டலாம். ஆனா யார் கடைக்காரர், யார் வாடிக்கையாளர்னு வலைக்குத் தெரியுமா? இறங்கித்தான் பார்க்கணும். அப்படி இறங்கிய முன்னோடிகளில் ஒருத்தர் கலிஃபோர்னியா ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் கான்ராட் லிம்பா. கூஸ்டோவும் கன்யானும் 1943-ல் உருவாக்கிய அக்வாலங் அமெரிக்காவுக்கு வந்த புதுசுலயே அதை மாட்டிக்கொண்டவர். சக ஆராய்ச்சியாளர்களுக்கு டைவிங் பயிற்சி கொடுத்ததும் அவர்தான். கெல்ப் பாசிக்காடுகளை அறுவடை செய்றதால மீன் குறையுதுன்னு தூண்டில்காரர்கள் புகார் சொன்னப்போ, அதை நீருக்கடியில் ஆராய்ந்து 1955-ல் அறிக்கை எழுதினார்.

பஹாமாஸில் அவர் செய்த காரியம்தான் நம்ம கதை. தனியா இருந்த ரெண்டு சின்னப் பாறைகளிலிருந்து, தனக்குத் தெரிந்த சுத்தக்காரர்கள் எல்லாரையும் அகற்றினார். சில நாளிலேயே மீன் வரத்து குறைஞ்சது. ரெண்டு வாரத்தில், இடத்தை விட்டு நகராத சில மீன்களைத் தவிர மற்றவை காலி. மிச்சமிருந்தவற்றின் உடம்பில் புண். இந்தக் கட்டுரை சயின்டிஃபிக் அமெரிக்கனில் 1961 ஆகஸ்டில் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1960 மார்ச் 20-ஆம் தேதி பிரான்ஸில் போர்-மியூ கடற்குகைக்குள் டைவ் அடிக்கப் போனவர், உயிரோட திரும்பலை. எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்த மனுஷன்...

அப்புறம்தான் சிக்கல். 1968, 1972-ல் வெளியான ஹவாய் ஆய்வுகளில் சுத்தக்கார மீன்களை எடுத்தும் பெரிசா ஒண்ணும் நடக்கலை. லிம்பா ஒப்பிட்டுப் பார்க்க, தொடாத பாறைகளை வைத்துக்கொள்ளவில்லை என்ற குறையும் சரிதான். ரெண்டு பாறை, ரெண்டு வாரம். நானே ஒத்துக்க மாட்டேன்.

ஆனா ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் எட்டரை வருஷம் பொறுமையா செய்தார்கள். சில பாறைகளில் சுத்தக்கார மீனைத் திரும்பத் திரும்ப அகற்றி, சிலதைத் தொடாமல் விட்டு, ஒவ்வொண்ணா எண்ணினார்கள். 2011-ல் முடிவு வந்தது: சுத்தக்காரன் இல்லாத பாறைகளில் அங்கேயே வசிக்கும் மீன்கள் 37 சதவீதம் கம்மி, இனங்கள் 23 சதவீதம் கம்மி. லிம்பா சொன்ன வேகம் இல்லை, திசை அதேதான்.

அந்த ஆய்வில் அகற்றிய அதே இன மீனைத்தான் கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்கும் பிடிக்கிறாங்க. தொட்டியில் வாடிக்கையாளர் ஏது? நிறைய மீன் பட்டினியிலயே செத்துப்போகுது.