வண்ணங்களால் எழுதப்பட்ட எண்கள்

எண்களை எழுத இலக்கங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. ரெசிஸ்டர் என்று நாம் சாதாரணமாகக் குறிப்பிடும் மின்தடையாக்கியின் மீதுள்ள வண்ண வளையங்கள் முழுமையானதொரு எண்முறை. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிறந்து, உலகின் எல்லாத் தொழிற்கூடங்களிலும் ஒரே பொருளில் வாசிக்கப்பட்ட மொழி அது.

1920இல் அமெரிக்காவில் வணிக ஒலிபரப்பு தொடங்கியதும் வானொலிப் பெட்டிகளுக்கான தேவை பெருகியது. 1924இல் சிகாகோவில் ரேடியோ உற்பத்தியாளர் சங்கம் உருவாயிற்று. பல ஆலைகளிலிருந்து வந்து குவியும் சின்னஞ்சிறு உருளைகளின் மதிப்பை எப்படிக் குறிப்பது? அச்சிட்ட எண்கள் உரசலில் அழியும். பொருத்தும்போது அடிப்பக்கம் திரும்பிவிட்டால் கண்ணுக்கே தெரியா. வண்ணத்துக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு. சங்கம் வகுத்த நிறக் குறியீடு பின்னர், 1952இல், சர்வதேசத் தரமாயிற்று.

தொடக்க காலத்தில் வளையங்கள் இல்லை. உடலின் நிறம் முதல் இலக்கம், முனையின் நிறம் இரண்டாவது, நடுவிலுள்ள புள்ளி எத்தனை சுழியங்கள் என்பதைச் சொல்லும். இம்முறையில் ஒரு விசித்திரம் உண்டு: முழுக்கச் சிவப்பாக, புள்ளியே தென்படாத உருளை 2200 ஓம். சிவப்பு உடலில் சிவப்புப் புள்ளி மறைந்துகிடக்கிறது! புள்ளி கீழ்ப்புறம் திரும்பினாலும் இதே குழப்பம்தான். சுற்றிவரும் வளையங்கள் இதைத் தீர்த்தன.

வரிசை அழகானது. கருப்பு 0, பழுப்பு 1. பிறகு வானவில்: சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. இறுதியில் சாம்பல் 8, வெள்ளை 9. இருளில் தொடங்கி ஒளியில் முடிகிறது. நியூட்டனின் ஏழு நிறங்களில் கருநீலம் மட்டும் இடம்பெறவில்லை. மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன் என்றால் 4700 ஓம். ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம்.

இவ்வரிசையை மனனம் செய்ய ஆங்கிலத்தில் பல வாக்கியங்கள் புழங்கின. அவற்றுள் பரவலான சில, பெண்களையும் கறுப்பினத்தவரையும் இழிவுசெய்பவை. வகுப்பறையில் ஆண்கள் மட்டுமே, அதிலும் வெள்ளையர் மட்டுமே இருப்பார்கள் என்ற எண்ணத்தில் பிறந்தவை அவை. இந்திய மாணவர்களுக்கு வாய்த்தவர் கிரேட் பிரிட்டனின் பி.பி. ராய், அவருக்கு மிக நல்ல மனைவி. வசை இல்லை, ஆனால் மனைவி ராயின் உடைமைகளில் ஒன்றாகவே வருகிறாள்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் உண்டு. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறை உண்டு. சிவப்பும் பழுப்பும் அவர்களுக்கு ஒன்றாய்த் தெரியக்கூடும். இரண்டாம் இலக்கத்தில் அந்தக் குழப்பம் நேர்ந்தால் 2200 என்பது 2100 ஆகும், மூன்றாம் வளையத்தில் நேர்ந்தால் 220. நல்ல பார்வையுள்ளவருக்கும், வெப்பத்தில் கருகிய மின்தடையாக்கி எதையும் சொல்லாது. எதை மாற்ற வேண்டுமோ அதன் பெயர்தான் முதலில் எரிகிறது.

இன்றைய கைபேசிகளின் உள்ளே பலகைமேல் ஒட்டப்படும் சில்லுகளில் வளையங்களுக்கு இடமில்லை. சற்றுப் பெரியவை 472 போன்ற இலக்கங்களைத் தாங்குகின்றன. மிகச் சிறியவற்றில் எதுவுமே இல்லை. அவற்றை வைப்பது இயந்திரம். அதற்கு வாசிக்க வேண்டிய தேவையில்லை. மனிதக் கண்ணும் மனிதக் கையும் சேர்ந்து பெட்டிகளைப் பூட்டிய காலத்தின் எழுத்து அது. ஒன்றைத் திறந்து பார்த்துப் பழுது நீக்க முற்படுபவருக்கே அது இன்றும் தேவைப்படுகிறது.