காவலூர்க் கண்ணாடி

அக்கா பையன் அஞ்சாவது படிக்கிறான். போன மாசம் கண்ணாடி போட்டாச்சு. "இனிமே நட்சத்திரம் பாக்க முடியாதா மாமா?" என்று ஒரே அழுகை. (வானம் பார்க்கும் பைத்தியத்தை ஒட்டவைத்தது அடியேன்தான்!)

ஜவ்வாது மலைக்குக் கூட்டிப் போனேன். 1968-ல் காவலூரில் ஒரு 38 செ.மீ. தொலைநோக்கியோடு வானாய்வைத் தொடங்கிவைத்தவர் வைணு பாப்பு. அவரும் நம்மாளு மாதிரி சின்ன வயசிலேயே வானத்தில் விழுந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை, கேட்கணுமா? 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார்.

1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த அந்த இரவில் காவலூரும் கண்விழித்துப் பார்த்தது. ஆனால் பாப்புவின் கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் பெரிய குழிக் கண்ணாடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். 1982-ல் பாப்பு காலமானார், வயது 55. தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986 ஜனவரியில். அவர் பெயரையே வைத்தார்கள். அதன்வழியே அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

"அதுவும் கண்ணாடிதாண்டா. உன்னோடது கொஞ்சம் சின்னது" என்றேன்.

பதில் சொல்லவில்லை. கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.