ஏர்வாடி தர்காவில் ஜின் வழக்காறும் கனவு உத்தரவும்

தமிழக நாட்டார் சமய ஆய்வுகளில் கோடாங்கிக்கும் சாமியாடிக்கும் கிடைத்துள்ள இடம், முஸ்லிம் சிற்றூர்களின் பேயோட்டும் வழக்காறுகளுக்குக் கிடைக்கவில்லை. கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி இவ்வகையில் தனித்த கவனத்திற்குரியது. அங்கு அடங்கியிருக்கும் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது, மதீனாவிலிருந்து வந்து பாண்டியரோடு பொருது உயிர்துறந்தவர் என்பது மரபு. வண்ணக்களஞ்சியப் புலவரின் 'தீன் விளக்கம்' அவரது வீர வரலாற்றைப் பாடுகிறது. அடக்கத்தலத்தை நாடி வரும் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்குமோ அவர் பிணி தீர்ப்பவர்.

கோடாங்கி உடுக்கையடித்துத் தெய்வத்தைத் தன்மேல் வரவழைத்துக் குறி சொல்வார். தர்கா மரபில் அத்தகைய இடையாள் இன்றியமையாதவர் அல்லர். லெப்பை ஓதி ஊதுவார். தண்ணீரும் தாயத்தும் தருவார். அவர் மேல் எதுவும் இறங்குவதில்லை. பேசுவது நோயாளியைப் பிடித்ததாகக் கருதப்படும் ஜின்னோ பேயோதான். வலியின் முன்னிலையில் அது நோயாளியின் வாய்வழியே தன்னை இன்னாரென்று ஒப்புக்கொள்கிறது. வடநாட்டுத் தர்காக்களில் இந்நிலைக்கு 'ஹாஜிரி' என்று பெயர். நீதிமன்றத்தில் ஆஜராதல் என்பதும் இச்சொல்லின் வழிவந்ததே. ஏர்வாடியில் விடுதலை உத்தரவு கனவில் வரும் என்பது நம்பிக்கை. கனவுக்கு நாள் குறிக்க இயலாது. ஆகவே தங்கும் காலத்திற்கும் எல்லையில்லை.

இக்காத்திருப்பைச் சுற்றியே தனியார் காப்பகங்கள் பெருகின. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அவற்றுள் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இக்கொடுமையை மூடநம்பிக்கையின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. அன்று மாநிலத்தின் ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. சங்கிலியிட்டது கனவு அன்று. பராமரிக்க வழியற்ற குடும்பங்களும் கட்டணம் பெற்ற காப்பகங்களுமே.

தர்கா வழிபாட்டை இணைவைப்பு எனக் கண்டிக்கும் தவ்ஹீத் இயக்கத்தார்க்கும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. அடங்கியவரின் ஆற்றலை அவர்கள் மறுக்கலாம். ஜின்களின் இருப்பை மறுப்பது எளிதன்று. குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே அதுதான்.

குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் மருந்தையும் துஆவையும் இணைக்கும் 'தவா - துவா' திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் ஏர்வாடியிலும் அம்முறையில் அரசு மனநல மருத்துவம் தர்காவை நாடி வந்தது. அங்கு மாத்திரை பெறுவோர் கனவை எதிர்நோக்குவதைக் கைவிட்டனர் எனக் கொள்ள வேண்டியதில்லை.