கர்ர்ர்ர்... செல்ஃப் மோட்டாரின் கதை

போன சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு எங்கள் குடியிருப்பே விழித்துக்கொண்டது. கீழ்வீட்டு அண்ணாச்சி பிக்கப் வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் பிடிப்பதற்கு முன் தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். புனேயில் பாதித் தமிழர் வீடுகளுக்கு இட்லி மாவு இவர் வண்டியில்தான் போகிறது. ஆறு மணிக்குள் மாவு கடைக்குப் போகாவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. வண்டி பழசு, கடன் இன்னும் முடியவில்லை. ஒரு பட்டறையில் "ஃப்ளைவீல் பல்லு போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று முப்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள்.

"தம்பி, நீங்க எஞ்சினியர்தானே, என்னன்னு பாருங்களேன்" என்றார். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் கேட்பதில்லை. :-) மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டேன். முப்பது வருடம் வேன் ஓட்டியவர். வண்டிப் பக்கத்தில் போனைப் பிடித்துச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

அப்பா சொன்னதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

நாம் ஏன் "செல்ஃப் எடுக்கலை" என்கிறோம், யோசித்ததுண்டா? செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதன் மிச்சம் அது. தானாகக் கிளம்புவதைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் யாரோ கையால் கிளப்பிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். வண்டியின் முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை உடைக்கும். இப்படி ஏராளமான கைகள் உடைந்ததில், மணிக்கட்டின் ஒரு வகை எலும்பு முறிவுக்கு ஆங்கில மருத்துவத்தில் 'ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர்' என்றே பெயர். கார் ஓட்டுநரின் முறிவு!

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர் சார்லஸ் கெட்டரிங். எஞ்சினைச் சுற்ற வேண்டுமானால் மின்மோட்டார் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், அதைக் காரில் எங்கே வைப்பது என்பது அன்றைய வாதம். கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் கல்லா இயந்திரம் செய்யும் கம்பெனியில் இருந்தவர். அந்தக் கல்லாவுக்கு மோட்டார் பொருத்தியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். சில நொடிகள் மட்டும் ஓடும் மோட்டார் சின்னதாக இருந்தாலும் போதும். சூடாவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912 மாடல் கேடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தன. ஃபோர்டு மாடல் டி காருக்கு இந்த வசதி கிடைக்க 1919 ஆனது.

மோட்டார் கிடைத்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் எஞ்சினின் பெரிய பல்வளையத்தில் கோத்துச் சுற்ற வேண்டும். எஞ்சின் கிளம்பிய அதே கணத்தில் விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் எஞ்சின் பத்து மடங்குக்கு மேல் வேகத்தில் மோட்டாரைச் சுற்றிச் சிதறடித்துவிடும். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் 1910-களில் கொண்டுவந்த அமைப்பு இதைத் தீர்த்தது. தண்டில் திருகுமரை. மோட்டார் சுற்றியதும் பல்சக்கரம் அந்த மரை வழியே ஓடிப்போய்ப் பல்வளையத்தைப் பிடிக்கும். எஞ்சின் முந்தினால் அதே மரை வழியே திரும்பி வந்துவிடும்.

இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் அந்த அமைப்பு இல்லை. சாவியைத் திருப்பியதும் சொலினாய்டு பல்சக்கரத்தைத் தள்ளுகிறது, எஞ்சின் முந்தினால் ஒருவழி கிளட்ச் காப்பாற்றுகிறது. ஆனாலும் நம் மெக்கானிக்குகள் அந்தப் பாகத்தை 'பெண்டிக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். சென்னையில் பாடிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு லூகாஸ் டிவிஎஸ் ஆலை தெரிந்திருக்கும். 1961-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் நாடு முழுக்க ஓடுகின்றன.

இந்தக் கதை தெரிந்தால் சத்தமும் புரியும். "டகடகடக" என்று வேகமாகத் தட்டினால் பெரும்பாலும் பேட்டரி வீக், அல்லது டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். ஒரே ஒரு "டக்" மட்டும் வந்து நின்றால் சொலினாய்டையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். "உய்ய்ங்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பல்சக்கரம் போய்ச் சேரவில்லை. "கர்ர்ர்" என்றால் பல்லோடு பல் சரியாகச் சேரவில்லை. எஞ்சின் கிளம்பிய பிறகும் ஊளை தொடர்ந்தால் பல்சக்கரம் விலகவில்லை, உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இப்போது அப்பா சொன்னது. "சாவியை எடுத்துட்டு, டாப் கியர்ல போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்கடா. அப்புறம் நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணுங்க. நாலஞ்சு தடவை இடம் மாத்தி மாத்திப் பாருங்க."

காரணம் இதுதான். நாலு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தும்போதெல்லாம் ஏறக்குறைய அதே இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும். ஆகவே ஃப்ளைவீலின் பல்வளையம் அந்த இரண்டு இடத்தில்தான் அதிகம் தேயும். கியரில் போட்டுத் தள்ளினால் வளையம் சற்று நகர்ந்து நல்ல பல் முன்னால் வரும், சத்தம் வராது. எங்கே நகர்த்தினாலும் சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் மோட்டார் பக்கம்.

நானும் அண்ணாச்சியும் ஐந்து முறை தள்ளினோம். ஐந்து முறையும் "கர்ர்ர்ர்".

போசரியில் ஒரு சின்னக் கடைக்கு வண்டி போனது. மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்து, மோட்டார் சாய்ந்து நின்றிருக்கிறது. பெண்டிக்ஸ் பல் நுனி சிதைந்திருந்தது, பல்வளையம் நன்றாகவே இருந்தது. பெண்டிக்ஸ் மாற்றி, போல்ட்டை முடுக்கி, கூலியோடு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். அவருடைய வலது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்திருக்கும். நான் பிறப்பதற்கு முன் ஹேண்டில் உதைத்ததில் வந்தது. நாட்டுக்கட்டு போட்டு மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தாராம். "ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மத்த விரலோட சேத்து வைக்கணும். சுத்திப் பிடிச்சா விரல் போயிடும்" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் ஹேண்டில் சுற்றவே போவதில்லை என்று தெரிந்தும் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கை அன்று மதுரையில் போனைப் பிடித்திருந்ததால்தான் புனேயில் ஒரு குடும்பத்துக்கு இருபத்தெட்டாயிரமாவது மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி வீட்டிலிருந்து இரண்டு கிலோ மாவு வந்தது. "அப்பாவுக்கு அனுப்ப முடியாதுல்ல தம்பி, நீங்க சாப்பிடுங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஹேண்டில் சுற்றிய கைகள் இருக்கலாம். ஊருக்கு போன் போடும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.