ஆர்.சி. பள்ளிக்கூடத்துக் காவல்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ‘ஆர்.சி. ஸ்கூல்’ எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். மாதா கோயில், பக்கத்தில் சாமியார் வீடு, அதை ஒட்டி நாட்டு ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். அப்படி ஒன்றில் டீச்சராகச் சேர்ந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் பாடம் நடத்துவது பாதி வேலைதான். காலையில் வந்த பிள்ளையைச் சாயங்காலம் முழுசாக வீடு சேர்ப்பது மீதிப் பாதி. கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, ஓட்டுச் சந்தில் தேள் கிடக்கிறதா, மதியம் கண்மாய்ப் பக்கம் எவனாவது நழுவினானா, மயங்கி விழுந்தவள் காலையில் சாப்பிட்டு வந்தாளா என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். ஜூபிலி மலர்களில் கட்டடம் கட்டிய சாமியார்களின் படங்கள் இருக்கும், தேர்ச்சிக் கணக்கு இருக்கும். இந்த மீதிப் பாதியின் வரலாறு இருக்காது. அது எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மதுரையில் கத்தோலிக்கப் பள்ளிக்கு நானூறு ஆண்டுக்கு மேல் வயது. சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606ல் இங்கு வந்தபோது, அவருக்கு முன்பே வந்துவிட்ட போர்ச்சுகீசிய சேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் ஒரு சிறு கோயிலும், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் இடமும், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் நடத்திக்கொண்டிருந்தார். எழுத்தும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. பின்னாளில் மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த பள்ளிகளும் இந்த அமைப்பில்தான் வளர்ந்தன.

1773ல் சேசு சபை கலைக்கப்பட்டது. சபை மீண்டும் உயிர்பெற்ற பிறகு, அதன் பிரெஞ்சுக் குருக்கள் 1837ல் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். கிராமத்தில் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரே எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். 1854ல் வந்த உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு மிஷன் பள்ளிகளுக்கும் அரசு மானியம் கிடைக்க வழி பிறந்தது. மானியத்தோடு இன்ஸ்பெக்டரும் வந்தார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வெளியாள் ஒருவர் பள்ளிக்குள் நுழைந்தது அப்போதுதான். அது சின்ன விஷயமில்லை.

1876லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமை வாடிய அந்த நாட்களில் தாய் தகப்பன் இல்லாமல் நின்ற பிள்ளைகள் மிஷன் அநாதை மடங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரான்ஸில் 1843ல் தொடங்கிய திருப்பாலத்துவ சபை, அந்நாட்டுச் சிறுவர்கள் போட்ட சில்லறைக் காசைத் திரட்டி உலகமெங்கும் இத்தகைய மடங்களுக்கு அனுப்பியது. யாரென்றே தெரியாத ஒரு பிள்ளை கொடுத்த காசில் இங்கே ஒரு பிள்ளை கஞ்சி குடித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அந்தக் கஞ்சி தருமம். தருகிறவர் மனம் மாறினால் நின்றுபோகும். நமக்கு வேண்டியது இவ்வளவு என்று கேட்கும் இடத்தில் அந்தப் பிள்ளை இல்லை.

சோறு தருமத்திலிருந்து உரிமைக்கு மெல்லத்தான் நகர்ந்தது. காமராஜர் 1956ல் தொடங்கிய மதிய உணவிலும் ஊரார் தருமம் கலந்திருந்தது. 1961லிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் தானியமும் அனுப்பியது. மதுரை ஆர்.சி. பள்ளி ஒன்றில் படித்த நான் அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவள். பெரிய அண்டாவில் சிஸ்டர் கட்டி தட்டாமல் கலக்குவார், நாங்கள் அலுமினியத் தம்ளரோடு வரிசையில் நிற்போம். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது நான் ஆசிரியை. மூத்த பிள்ளை இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த காலம் அது. தூங்கும் குழந்தைக்கு வேப்பமரத்தில் தூளி கட்டிக் கொடுத்தோம். தம்பியை விட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தால் அக்காளும் வந்திருக்க மாட்டாள்.

சோற்றுக்கு அடுத்தது கூரை. 1964ல் மதுரையில் சரஸ்வதி பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்து மாணவிகள் பலர் இறந்தார்கள். அன்று நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் பல தாய்மார் கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிச் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. எங்கள் பள்ளியிலும் சமையல் கொட்டகையைப் பிரித்தோம், இரண்டாவது வாசல் வைத்தோம். அந்த வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் கும்பகோணத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். இன்று பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் இறந்துபோன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிரம்பு போனதும் தாமதமாகத்தான். பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்ற தண்டனையைத் திண்ணைப் பள்ளிகள் கைவிட்ட பிறகும், பிரம்பு மேசைமேல் இருந்தது. “டீச்சரம்மா, கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க” என்று சேர்க்கை நாளிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள் பெற்றோர். தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003ல் திருத்தப்பட்டு அடி தடை செய்யப்பட்டது. 2010ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை அடிப்பதோடு மனத்தை நோகடிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. அடியாத மாடு படியாது என்று வாதாடிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பிள்ளை மாடில்லை. பிரம்பு போன வகுப்பில் பயந்து ஒளிந்த பிள்ளைகள் கை தூக்கிக் கேள்வி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனிச் சொல்ல வேண்டியது ஒரு கத்தோலிக்கப் பெண்ணாக எனக்கு வலிப்பது. 2002ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய குருக்களை மறைமாவட்டமே பங்கு விட்டுப் பங்கு மாற்றிக் காப்பாற்றியது வெளிவந்தது. அது எங்கோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. நம் ஆர்.சி. பள்ளிகளில் பெரும்பாலும் பங்குச் சாமியாரே தாளாளர். ஆசிரியருக்கு வேலை உத்தரவு தருபவர் அவர், பாவசங்கீர்த்தனம் கேட்பவர் அவர், ஊர் வழக்கைத் தீர்ப்பவரும் அவர். அவர் நல்லவராக இருந்தபோது பிள்ளைகள் செழித்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் வேலை பார்த்தது என் பாக்கியம். ஆனால் அந்த வளாகத்துக்குள் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தால் முறையிடப் போகும் வாசலும் அதே வாசல்தான். ‘கோயில் பேர் கெட்டுப்போகும்’ என்ற ஒரு வாக்கியம் போதும், தாயின் வாய் அடைபட்டுவிடும்.

அந்த அடைப்பை உடைத்தது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14ல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம். தீங்கு நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. தாளாளருக்கும் அது பொருந்தும். 2019ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றத்தைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அரசின் சட்டம் திருச்சபைச் சட்டத்துக்கு ஏழாண்டு முந்திவிட்டது என்பதை நாங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

2022 செப்டம்பர் 15ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்குப் பொங்கலும் கிச்சடியும் கிடைத்தபோது, அதே தெருவில் உதவிபெறும் பள்ளிக்குப் போன பிள்ளை வெறும் வயிற்றோடு உட்கார்ந்தது. 2024ல் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025ல் நகரத்துப் பள்ளிகளுக்கும் அது நீண்டது. பிள்ளையின் பசிக்கு நிர்வாகத்தின் பெயர் தெரியாது என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு அது பதில்.

சோறும் கூரையும் சட்டமும் வந்துவிட்டன. இனி நிர்வாகம் செய்ய வேண்டியது உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையின் கண் உயரத்துக்குச் சுவரில் எழுத வேண்டும். புகாரைக் கேட்க அந்தப் பங்கைச் சேராத ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். சாமியாரோ சிஸ்டரோ டீச்சரோ யாராக இருந்தாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் எனப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுத்தர வேண்டும். பிள்ளையைக் காப்பவர் நல்லவராக அமைய வேண்டும் என்று நாம் ஜெபிக்கலாம், ஜெபிக்கவும் வேண்டும். அவர் நல்லவராக அமையாத நாளிலும் பிள்ளை தப்பிக்க ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியை அமைத்துக் கொடுத்த பிறகுதான் ஒரு பள்ளி தன்னை மாதாவின் பெயரால் அழைத்துக்கொள்ளலாம்.