பாவப்பொறுப்பு (தஞ்சைக் கிறிஸ்தவம்)

அறிந்தும் விரும்பியும் செய்த தீமைக்கு அவரவரே இறைவனிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. ஆதாம் வழிவந்த பிறவிப் பாவத்தினின்றும் வேறானது. தந்தையின் குற்றம் மகனைச் சேராது என உரைக்கும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இதன் முதன்மை ஆதாரம்.

காவிரிப் படுகையில் பாவ அறிக்கைக்கு இரு மரபுகள் உண்டு. வேளாங்கண்ணி முதலிய கத்தோலிக்கத் தலங்களில் குருவிடம் தனியே பாவங்களைச் சொல்லி, மன்னிப்பும் பரிகாரமும் பெறுவர். திருப்பலித் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு, குற்றம் தமதே என அறிக்கையிடுவர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு வழி வேரூன்றிய லுத்தரன் சபைகளில் கூட்டாக அறிக்கையிடுவது பெருவழக்கு. இச்சபைகளின் போதனைப்படி, மன்னிப்பு விசுவாசத்தாலேயே கிட்டும், பரிகாரச் செயலால் அன்று.

இக்கோட்பாடு கடும் சோதனைக்குள்ளானது சாதிப் பிரச்சினையில்தான். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தம் பொறுப்பிலிருந்த சபைகளில் சாதி வேற்றுமையைக் கைவிட ஆணையிட்டார். தஞ்சையில் ஆலயத்துள் தனித்தனியே அமர்வதும் நற்கருணைப் பந்தியில் சாதிப்படி முன்பின் பார்ப்பதும் வழக்கமாயிருந்தன. அவை குலவழக்கமே, பாவமன்று என வாதிட்டோரில் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதன்மையானவர். இக்கோட்பாட்டின்படி, வழக்கம் முன்னோருடையதாயினும், அதைத் தொடரும் ஒவ்வொருவரின் பொறுப்பும் அதனால் குறைவதில்லை; அவ்வாதம் இங்கேதான் வலுவிழக்கிறது. ஆணையை ஏற்காதோரில் பலர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர்.